இரண்டு நல்ல மேப்பும் என் மூன்று குற்றங்களும்

கம்ப்யூட்டர் எதையும் கூட்டுவதற்கு முன்னால் ஒருமுறை பார்க்கும் என்று நான் நம்பியிருந்தேன். அம்மா உலையில் அரிசி போடுவதற்கு முன் கல் பொறுக்குவாளே, அந்த மாதிரி. பொருந்தாத இரண்டைக் கொண்டுபோய்க் கொடுத்தால், "இது ஒரு மாதிரி இருக்கே, யாரு குடுத்தனுப்பினாங்க?" என்று கேட்கும் என்பது என் எண்ணம். இத்தனைக்கும் அந்த இயந்திரத்தை நான் கண்ணாடிக்கு வெளியே நின்றுதான் பார்த்திருக்கிறேன். குளிர்சாதன அறைக்குள் பீரோ பீரோவாக நின்றது. அவ்வளவு பெரிய உடம்புக்குள் கொஞ்சம் புத்தியும் இருக்கும் என்று நினைத்ததில் என்ன தப்பு?

ரிடையர் ஆன பிறகு, பென்ஷன் விஷயமாகப் போன மாதம் தருமபுரியில் எங்கள் கல்லூரிக்குப் போயிருந்தேன். படிகவியல் அறையில் ஒரு பெண் மடிக்கணினியில் இரண்டு மேப்புகளை ஒன்றின் மேல் ஒன்றாகப் போட்டு, விரலால் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். நீலம் ஒன்று, சிவப்பு ஒன்று.

"சார், உங்க காலத்துல இதை எப்படிச் சேர்த்தீங்க?"

"பஸ்ல" என்றேன்.

சிரித்தாள். நான் ஜோக்கடிக்கவில்லை என்று அவளுக்கு விளக்கத்தான் இதை எழுதுகிறேன்.

எழுபதுகளில் நடந்தது. அரூர் பக்கம் எங்கள் ஊர். பௌதிகத்தில் பட்டம் வாங்கிவிட்டுச் சும்மா இருந்தேன். என்னிடம் எழுத்து அழகாக இருந்தது, வேறு தகுதி இல்லை. இந்தக் கல்லூரியில் தற்காலிக வேலை கிடைத்தது, பெயர் டிரேஸர். முதல் வருஷம் முழுக்க நான் கற்றது மூன்று விஷயம்: மை சிந்தாமல் கோடு இழுப்பது, மூச்சு விடாமல் கண்ணாடி தூக்குவது, தேவகி மேடம் பேசும்போது வாயை மூடிக்கொண்டிருப்பது. மூன்றாவதை இன்னும் பழகிக்கொண்டிருக்கிறேன்.

தேவகி மேடம்தான் எங்கள் ஆராய்ச்சிக்குத் தலைமை. முப்பத்தைந்து வயதிருக்கும். ஓசூருக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். வீட்டில் கன்னடம், வகுப்பில் தமிழ், பேப்பரில் இங்கிலீஷ். கத்த மாட்டார். தப்பு என்ற வார்த்தையே அவர் வாயிலிருந்து வந்து நான் கேட்டதில்லை. ஏதாவது சொல்லப் போனால், கண்ணாடியை மூக்கின் மேல் ஏற்றிவிட்டு, "ஆமேலே?" என்பார். அவர்கள் வீட்டுப் பேச்சில் 'அப்புறம்?' என்று அர்த்தம். நாம் சொல்லி முடித்தாலும் "ஆமேலே?" என்பார். சொல்ல ஒன்றும் இல்லாமல் போன பிறகுதான் நாம் உளறினது நமக்கே கேட்கும்.

வேலை இதுதான். கற்கண்டு மாதிரி ஒரு சின்னப் படிகம், அதன் மேல் எக்ஸ்ரே. பிலிமில் கறுப்புப் புள்ளிகள் விழும். ஒவ்வொரு புள்ளியும் எவ்வளவு கறுப்பு என்று கண்ணால் அளக்க வேண்டும். மேடம் எண் சொல்ல, நான் அதைத் திரும்பச் சொல்லிவிட்டு எழுதுவேன். திரும்பச் சொல்லாமல் எழுதினால் முதலிலிருந்து. அந்த எண்கள் பெங்களூரில் ஒரு ஆராய்ச்சி நிலையத்துக் கம்ப்யூட்டருக்குப் போகும். அங்கிருந்து தாள் தாளாக வேறு எண்கள் வரும். தாளில் எண் எங்கே பெரிதாகிறதோ அங்கே ஒரு அணு. ஒரே அளவு எண்களையெல்லாம் கோட்டால் இணைத்தால், மலையை வரைபடத்தில் காட்டுவது போல வட்டத்துக்குள் வட்டமாக வரும். அதனால் அந்தத் தாள்கட்டுக்கு மேப் என்று பெயர். ஒரு தாள் என்பது மூலக்கூறின் ஒரு வில்லை. தக்காளியை வில்லை வில்லையாக நறுக்கி வைத்த மாதிரி. ஒவ்வொரு வில்லையையும் ஒரு கண்ணாடியில் மையால் வரைந்து, கண்ணாடிகளை ஒன்றின் மேல் ஒன்றாக இடைவெளி விட்டு அடுக்கி, அடியில் டியூப் லைட் போட்டு மேலிருந்து பார்த்தால், மூலக்கூறு காற்றில் தொங்கும்.

கண்ணாடி அடுக்கும் சட்டத்தைச் செய்தவர் கடைத்தெருவில் சாமி படத்துக்கும் கல்யாண போட்டோவுக்கும் பிரேம் போடும் பாஷா பாய். நான் போய்க் கேட்டபோது அவர் கையிலிருந்த சுத்தியைக் கீழே வைத்துவிட்டார்.

"தம்பி, படமே இல்லாம பிரேம் கேக்கற மொத ஆளு நீங்கதான். உள்ள என்னா வைப்பீங்க?"

"வெறும் கண்ணாடி, பாய்."

"வெளிய?"

"ஒண்ணுமில்ல."

"காலேஜ்ல சம்பளம் குடுக்கறாங்களா?"

ஆனால் பிரமாதமாகச் செய்து கொடுத்தார். தேக்கில் பள்ளம் பள்ளமாக, கண்ணாடி ஆடாமல் உட்காரும்.

இப்போது அந்த மேப். பென்னாகரம் காட்டோரம் ஒரு புதர் உண்டு. மாட்டுப் புண்ணுக்கு அதன் வேரை அரைத்துப் போடுவார்கள். வேதியியல்காரர்கள் அதிலிருந்து ஒரு பொருளைப் பிரித்து, அதன் மேல் ஒரு புரோமின் அணுவை ஒட்டி, படிகமாக்கிக் கொடுத்தார்கள். புரோமின் கனமான அணு. மேப்பில் மலை மாதிரி நிற்கும், அதைப் பிடித்துக்கொண்டு மற்றதைத் தேடலாம். நாங்கள் ஒரு படிகத்தை இங்கே அளந்தோம். இன்னொரு படிகத்தைப் பெங்களூரில் ஒருவர் தனியாக அளந்து, தனியாக மேப் போட்டார். இரண்டிலும் மூலக்கூறின் உடம்பு தெளிவு. வால் மட்டும் இரண்டிலும் கலங்கல். அந்த வாலில் என்ன இருக்கிறது என்பதுதான் கேள்வியே.

"ரெண்டையும் கூட்டிடலாம்" என்றார் மேடம். "உண்மையான அணு ரெண்டு தடவையும் ஒரே இடத்துலதான் நிக்கும். குப்பை ஒவ்வொரு தடவையும் வேற வேற இடத்துல விழும். கூட்டி ரெண்டால வகுத்தா அணு அப்படியே இருக்கும், குப்பை அமுங்கிடும்."

அதற்கு ஒரு புரோகிராம் எழுதினார். சின்னதுதான். முதல் மேப்பைப் படி, இரண்டாவதைப் படி, புள்ளிக்குப் புள்ளி கூட்டு, வகு, அச்சடி. அதில் அவருடைய பிடிவாதம் ஒன்று இருந்தது: கூட்டுவதற்கு முன் வாங்கின இரண்டு மேப்பையும் அப்படியே திருப்பி அச்சடிக்க வேண்டும். "போட்டதைத் திருப்பிக் காட்டாத புரோகிராம் எனக்கு வேண்டாம்" என்பார். தாள் வீணாகிறதே என்று நான் நினைப்பேன். சுமப்பது நான் அல்லவா?

அனுப்புவதற்கு முன் இரண்டு மேப்பிலும் புரோமின் எங்கே இருக்கிறது என்று ஒப்பிட்டுப் பார்த்தார். அச்சு அசல் ஒரே இடம். நட்ட நடு வில்லையில். சரி, கிளம்புங்க என்றார்.

என் நிலைமையையும் சொல்லிவிடுகிறேன். ஆராய்ச்சிக்கு வந்த பணம் அந்தக் கல்வியாண்டோடு முடிகிறது. மேப் தெளிந்தால் மேடம் அறிக்கை கொடுப்பார், திட்டம் நீளும், என் வேலை நிரந்தரமாகும். தெளியாவிட்டால் பாலக்கோட்டில் என் அக்கா வூட்டுக்காரரின் தக்காளி மண்டி. மாமா எப்போதும் தயார். "ஒரு படிச்ச ஆளு வேணும் மாப்ள, கூடை எண்ணறதுக்கு" என்று ஒவ்வொரு பண்டிகைக்கும் சொல்வார். மாமா நல்லவர். அதுதான் பயமே. நல்லவர் கொடுக்கும் வேலையை விட்டு ஓடவும் முடியாது.

புரோகிராமையும் இரண்டு மேப்பின் எண்களையும் கம்ப்யூட்டர் படிக்கிற மாதிரித் துளைகளாகப் போட்ட கார்டுகளை ஒரு பெரிய பிஸ்கட் டின்னில் அடுக்கி, பெங்களூர் பஸ் ஏறினேன். கிருஷ்ணகிரியில் முதல் குற்றம் நடந்தது. ஒரு அம்மா கோழிக்கூடையை மேலே வைக்க, கூடை சரிய, அது என் டின்னின் மேல் விழ, மூடி திறந்து கார்டுகள் பஸ்ஸுக்குள் பறந்தன. கோழிகளும்தான். எல்லாரும் நல்ல மனசோடு பொறுக்கிக் கொடுத்தார்கள். கண்டக்டர் ஒரு கார்டை வெளிச்சத்தில் பிடித்து, "இதெல்லாம் நான் போட்ட ஓட்டையா?" என்று கேட்டார். கார்டுக் கட்டின் விளிம்பில் மூலைக்கு மூலை சிவப்பு மையில் சாய்கோடு ஒன்று இழுத்திருப்போம். வரிசை தப்பினால் கோடு உடையும். ஓசூர் வருவதற்குள் கோடு சேர்ந்துவிட்டது. சேர்ந்த மாதிரி எனக்குத் தெரிந்தது.

பெங்களூரில் ஜன்னலில் கொடுத்து, மறுநாள் தாள்கட்டை வாங்கிக்கொண்டு திரும்பினேன். மேடம் பார்ப்பதற்கு முன் நான் பார்த்துவிட வேண்டும் என்று ஒரு ஆசை. பஸ்ஸிலேயே மடியில் விரித்தேன்.

பக்கத்து சீட்டுப் பெரியவர் எட்டிப் பார்த்தார். "ஜாதகங்களா?"

"ஆமாங்க" என்றேன். விளக்கி முடிக்க பஸ் இன்னொரு தடவை பெங்களூர் போய் வர வேண்டும்.

"பொண்ணுக்கா, பையனுக்கா?"

"எனக்குதாங்க."

கூட்டிய மேப்பின் நடு வில்லையில் புரோமின் கம்பீரமாக நின்றது. எனக்கு ஒரே குஷி. அடுத்த வில்லைக்குப் போனேன். மேல் வில்லைகளில் இருக்க வேண்டிய அணுக்கள் இருந்தன, ஆனால் பாதி உயரம். கீழ் வில்லைகளைப் புரட்டினேன். அங்கேயும் அதே அணுக்கள், அதே இடம், பாதி உயரம். கீழே இருக்க வேண்டியவை மேலேயும் இருந்தன. ஒரு மூலக்கூறு இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு பேய் மூலக்கூறுகள், புரோமினைப் பங்கு போட்டுக்கொண்டு. வால்? எல்லா இடத்திலும் வால்.

"தசை சரியில்லீங்களா?" என்றார் பெரியவர் என் முகத்தைப் பார்த்து.

"ரொம்ப மோசம்ங்க."

கிருஷ்ணகிரி வருவதற்குள் முடிவு கட்டிவிட்டேன். கோழிதான் காரணம். கார்டுகளில் பாதியைத் தலைகீழாக அடுக்கிவிட்டேன். இயந்திரம் பார்த்து நிறுத்தும் என்றால், அதுவும் நிறுத்தவில்லை. பஸ் அங்கே நின்ற நேரத்தில் ஒரு போஸ்ட் கார்டு வாங்கி, 'மாமா, வேலை போய்விட்டது. வருகிறேன். கூடை எண்ணுகிறேன்' என்று எழுதி, பெட்டியில் போட்டுவிட்டுத்தான் மறுபடி ஏறினேன். வேலை போனதை என் மேலதிகாரிக்கு முன்னால் பாலக்கோட்டுக்குச் சொன்னவன் நான் ஒருத்தனாகத்தான் இருப்பேன்.

மறுநாள் மேடம் முன்னால் நின்று, கேட்காமலே ஒப்புக்கொண்டேன்.

"மேடம், கார்டு பஸ்ல கொட்டிடுச்சு."

"ஆமேலே?"

"அடுக்கினதுல மாறியிருக்கும்."

"ஆமேலே?"

அங்கேயே நிறுத்தியிருக்கலாம். அந்த ஒற்றை வார்த்தை இருக்கிறதே, அது போலீஸ் ஸ்டேஷனைவிடப் பொல்லாதது. "நம்ம மேப்புத் தாள்ல ஊறுகாய் பட்டுடுச்சு. ஒரு எண் நாலா ஒன்பதான்னு தெரியல. ஒன்பதுன்னு கார்டு துளைக்கற பொண்ணுகிட்ட சொல்லிட்டேன்."

"ஆமேலே?"

"கடைசி நாலஞ்சு கண்ணாடிய கிரிக்கெட் கமெண்ட்ரி கேட்டுக்கிட்டே வரைஞ்சேன்."

மேடம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "கண்ணாடியில வரைஞ்சது கம்ப்யூட்டருக்குப் போகவே இல்லையே, மாதேஷ். அதை எதுக்குச் சொல்றீங்க?"

"வாயில வந்துடுச்சு மேடம்."

அதற்குப் பிறகு அவர் செய்ததை இன்றைக்கும் சின்னவர்களுக்கு நான் சொல்வதுண்டு. என்னைத் திட்டவும் இல்லை, நம்பவும் இல்லை. புரோகிராம் திருப்பி அச்சடித்த முதல் மேப்பை எடுத்தார். எங்களுடைய பழைய தாளைப் பக்கத்தில் வைத்தார். அவர் வாசிக்க, நான் திரும்பச் சொல்ல, வரி வரியாக ஒப்பிட்டோம். பிறகு பெங்களூர் மேப்பையும் அப்படியே. ஒரு முழு நாள். ஒரு கார்டுகூட மாறவில்லை. தாளை விளக்குக்கு நேரே பிடித்துப் பார்த்ததில், ஊறுகாய் எண் உண்மையில் நாலுதான். ஒன்பது என்று போயிருந்தது. அதனால் மேப்பின் ஒரு மூலையில் ஒரு புள்ளி சற்றுத் தடித்திருந்தது, அவ்வளவுதான்.

பிறகு கூட்டிய மேப்பை விரித்து, மேல் வில்லையையும் கீழ் வில்லையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினார்.

"இதைப் பாருங்க. நடு வில்லைக்கு மேல ரெண்டாவது தாளும், கீழ ரெண்டாவது தாளும் ஒண்ணே. மூணாவதும் மூணாவதும் ஒண்ணே. கார்டு கொட்டினா இப்படி ஆகுமா?"

நான் யோசிப்பது போல் முகத்தை வைத்துக்கொண்டேன்.

"கொட்டினா கன்னாபின்னான்னு ஆகும். உங்க தப்பு இவ்வளவு அழகா வராது, மாதேஷ்."

என் வாழ்க்கையில் எனக்குக் கிடைத்த பெரிய ஆறுதல் அதுதான். ஆனால் அப்போது அது ஆறுதலாகப் படவில்லை. காரணம் தெரியாத வரைக்கும் சந்தேகம் என் மேல்தான் என்று நானே என்னைக் கூண்டில் ஏற்றி வைத்திருந்தேன்.

பெங்களூர் மேப்பையும் கண்ணாடியில் வரையச் சொன்னார். இன்னொரு சட்டம் வேண்டும். வெள்ளிக்கிழமை. பாஷா பாய் தொழுகைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார்.

"மொத பிரேமே காலியாத்தானே இருக்கு தம்பி. ரெண்டாவது எதுக்கு?"

"அதோட இதை ஒத்துப் பாக்கணும் பாய்."

"காலிய காலியோடவா?" என்று தலையில் தொப்பியை வைத்துக்கொண்டே கேட்டார். ஆனால் தொழுகை முடிந்து வந்து உட்கார்ந்து, இருட்டுவதற்குள் முடித்துக் கொடுத்தார்.

கமெண்ட்ரி இல்லாமல், சனி, ஞாயிறு கூட உட்கார்ந்து வரைந்தேன். இரண்டு சட்டங்களையும் மேஜையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து விளக்கைப் போட்டோம். மேலிருந்து பார்த்தால் இரட்டைப் பிள்ளைகள். ஒரு வித்தியாசமும் இல்லை. மேடம் நாற்காலியிலிருந்து இறங்கி, தரையில் முழங்கால் போட்டு, பக்கவாட்டில் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். என்னையும் குனியச் சொன்னார்.

எங்கள் மேப்பில் வால் புரோமினிலிருந்து இடது பக்கமாக மேலே ஏறியது. பெங்களூர் மேப்பில் இடது பக்கமாகக் கீழே இறங்கியது.

"இவ்வளவுதானா?" என்று சொல்லிவிட்டு, கெட்டிக்காரத்தனமாக, பெங்களூர் சட்டத்தை அப்படியே தூக்கித் தலைகீழாகக் கவிழ்த்து வைத்தேன். வால் இப்போது மேலே ஏறியது. வலது பக்கமாக.

"சும்னிரி" என்றார் மேடம். சும்மா இருங்கள் என்று அர்த்தம். "நீங்க தலைகீழா நின்னா உங்க இடது கை வலது கை ஆயிடுமா?"

அந்த நேரம் பார்த்துக் கதவில் ஒரு குரல். "மாப்ள, கெளம்பலாமா?"

பாலக்கோட்டு மாமா. தோளில் துண்டு, கையில் ஒரு கூடை தக்காளி. தபால்காரர் அந்த வாரம் மட்டும் சுறுசுறுப்பாக இருந்திருக்கிறார்.

மேடம் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

"நீங்க யாருங்க?"

"இவனோட மாமன்ங்க. வேலை போயிடுச்சுன்னு எழுதியிருந்தான். கூட்டிக்கிட்டுப் போலாம்னு வந்தேன். இது உங்களுக்குங்க." கூடையை நீட்டினார்.

"வேலை போயிடுச்சுன்னு யாரு சொன்னது?"

"இவன்தாங்க."

"எப்ப?"

"கிருஷ்ணகிரியில இருந்துங்க."

மேடம் "ஆமேலே?" என்று கேட்பார் என்று காத்திருந்தேன். கேட்கவில்லை. "நல்லதாப் போச்சு, ஒரு கை குறையுது. கூடையை அங்க வெச்சிட்டு ரெண்டு கையையும் நீட்டுங்க" என்றார் மாமாவிடம்.

பெங்களூர் சட்டத்தை மறுபடி நேராக நிமிர்த்தி வைத்தார். மேல் கண்ணாடியை உருவி மாமா கையில் வைத்தார். அதன் மேல் காகிதம், அதன் மேல் அடுத்த கண்ணாடி. மாமா நல்ல பழத்தைப் பிடிக்கிற மாதிரிப் பிடித்துக்கொண்டார். "ஓரம் கூரா இருக்குது மாப்ள. இந்த வேலையா பாக்கற? மண்டி எவ்வளவோ தேவல" என்று முணுமுணுத்தார். சட்டம் காலியானபோது, அடிக் கண்ணாடி மாமாவின் கையில் மேலே இருந்தது. மேடம் அதை எடுத்து, சட்டத்தின் மேல் பள்ளத்தில் செருகினார். அடுத்ததை அதற்குக் கீழே. எந்தக் கண்ணாடியையும் புரட்டவில்லை, வரிசை மட்டும் மேல் கீழாக மாறியது. நடுக் கண்ணாடி, புரோமின் இருப்பது, மாறாமல் நடுவிலேயே வந்து உட்கார்ந்தது.

குனிந்து பார்த்தோம். மூன்று பேரும். வால் இடது பக்கமாக மேலே ஏறியது. எங்கள் சட்டத்தில் இருப்பது போலவே.

பிறகு இரண்டு சட்டத்திலிருந்தும் ஒரே பள்ளத்துக் கண்ணாடிகளை உருவி, ஒன்றின் மேல் ஒன்றாக விளக்குக்கு நேரே பிடித்தார். கோட்டின் மேல் கோடு. அடுத்த ஜோடி. கோட்டின் மேல் கோடு. மேடம் மூச்சு விட்டதை அன்றைக்குத்தான் முதல் தடவையாகக் கேட்டேன்.

"அப்ப மாப்ள மேல தப்பில்லீங்களா?" என்றார் மாமா.

"இல்லைங்க."

"கொஞ்சம்கூட?"

"ஊறுகாய் மட்டும்ங்க."

மாமாவுக்கு ஏமாற்றம்தான். கூடை எண்ண இன்னொரு படித்த ஆளைத் தேட வேண்டும். மத்தியான பஸ்ஸில் தனியாகப் பாலக்கோட்டுக்குத் திரும்பினார். தக்காளியை விட்டுவிட்டுப் போனார். மேடம் பாதியை எனக்குக் கொடுத்தார்.

புரோகிராமில் ஒரே ஒரு கார்டு மாறியது: இரண்டாவது மேப்பைக் கடைசி வில்லையிலிருந்து முதல் வில்லைக்குப் படி. ஊறுகாய் பட்ட எண்ணையும் நாலாக்கினோம். மறுபடி டின்னைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினேன். இந்தத் தடவை டின்னை மடியில் வைத்துக் கட்டிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கண்டக்டர் அதற்கு அரை டிக்கெட் கேட்டார். வந்த தாளில் ஒரே ஒரு மூலக்கூறு, முழு உயரத்தில். வால் தெளிந்திருந்தது. அறிக்கை போனது. திட்டம் நீண்டது. நான் ரிடையர் ஆகும் வரை அதே அறையில் இருந்தேன்.

நடந்தது இதுதான். எங்கள் மேப் சரி. பெங்களூர் மேப்பும் சரி. புரோமினை மட்டும் வைத்துப் பார்த்தால், மூலக்கூறு ஒரு கை மாதிரியும் இருக்கலாம், முகம் பார்க்கும் கண்ணாடியில் தெரியும் அதன் மறு கை மாதிரியும் இருக்கலாம்; கண்ணால் அளக்கும் புள்ளிகளை வைத்து எது என்று சொல்ல முடியாது. பெங்களூர்க்காரர் ஒரு கையைத் தேர்ந்தெடுத்தார், நாங்கள் மறு கையைத் தேர்ந்தெடுத்தோம். புரோமின் நட்ட நடுவில் இருந்ததால் அது இரண்டிலும் ஒத்துப்போனது, நாங்களும் நம்பிவிட்டோம். கம்ப்யூட்டர் ஒரு வலது கையையும் ஒரு இடது கையையும் பார்க்காமல் கூட்டி, இரண்டால் வகுத்தது.